வாக்கு இயந்திரத்தைச் சரிபார்ப்பது யார், எப்படி?

தேர்தல் முடிவு வந்த மறுநாள் தோற்றவர்கள் “மெஷினில் ஏதோ பண்ணிவிட்டார்கள்” என்பார்கள். ஜெயித்தவர்கள் “மக்கள் தீர்ப்பு” என்பார்கள். அடுத்த தேர்தலில் இரண்டு தரப்பும் வசனங்களை மாற்றிக்கொள்ளும். இந்தச் சத்தத்தில் உருப்படியான ஒரு கேள்வி காணாமல் போகிறது. இயந்திரத்தில் ஒரு தப்பு நடந்தால், அது தானாக நேர்ந்ததோ யாராவது செய்ததோ, அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருந்தால், அந்த வழி யார் கையில் இருக்கிறது?

“ஹேக் பண்ண முடியுமா, முடியாதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பட்டிமன்றம்தான் நடக்கும். சரிபார்ப்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல விதிகள் இருக்கின்றன, படிவங்கள் இருக்கின்றன, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் இயந்திரம். நாம் மெஷின் என்று ஒற்றையாகச் சொல்வது மூன்று பெட்டிகள். மறைப்புக்குள் நாம் பட்டனை அழுத்துவது பேலட் யூனிட். அதன் பக்கத்தில், போட்ட ஓட்டை அச்சிட்ட துண்டுச் சீட்டு தெரியும் சின்னக் கண்ணாடி ஜன்னலோடு இருப்பது விவிபேட். வாக்குச்சாவடி அலுவலரின் மேசையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட். வாக்குகள் பதிவாகி நிற்பது இதில்தான். மூன்றையும் கேபிள் இணைக்கிறது. இணையம், வைஃபை, புளூடூத் எதுவும் கிடையாது என்கிறது தேர்தல் ஆணையம். ஆகவே எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் முடிவை மாற்றும் காட்சியைச் சினிமாவுக்கே விட்டுவிடலாம். ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பெட்டியைக் கையால் தொட வேண்டும், இல்லையென்றால் அது உருவாகும் இடத்திலேயே செய்ய வேண்டும். மேற்பார்வை விதிகள் எல்லாம் இந்த இரண்டு வாசல்களையும் காவல் காக்கத்தான்.

இந்த இயந்திரத்துக்கு முதல் அடி விழுந்தது தொழில்நுட்பத்தால் அல்ல, சட்டத்தால். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இதை வைத்துப் பார்த்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் வழக்குப் போட்டார். “இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே” என்பது அவருடைய வாதம். 1984ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதில் ஜோஸ் ஜெயித்துவிட்டார்! 1988ல் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான் இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2001ல் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது. 2004ல் மக்களவைத் தேர்தலின் 543 தொகுதிகளுக்கும் வந்துவிட்டது.

மேற்பார்வை யார் கையில்?

அரசு மேற்பார்வை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆளும் அரசாங்கமே தேர்தலில் ஒரு போட்டியாளர். அதனால்தான் அரசியல் சாசனத்தின் 324வது பிரிவு தேர்தலை நடத்தும் பொறுப்பைத் தனியாக ஓர் ஆணையத்திடம் கொடுத்தது. இயந்திரங்களைச் செய்பவை இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், அணுசக்தித் துறையின் கீழ் உள்ள ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. தரச் சோதனை செய்வது மத்திய மின்னணுவியல் அமைச்சகத்தின் தரச் சான்று இயக்குநரகம். வடிவமைப்பில் ஆலோசனை சொல்ல, ஐஐடி பேராசிரியர்கள் அடங்கிய தொழில்நுட்பக் குழு ஒன்றை ஆணையம் வைத்திருக்கிறது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். செய்பவர், சோதிப்பவர், நடத்துபவர் மூவரும் அரசமைப்பின் உள்ளே இருப்பவர்கள். இதில் சதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. தனியார் நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கிவந்து, அந்த நிறுவனத்தின் பேச்சை நம்பிக்கொண்டிருந்த நாடுகளோடு ஒப்பிட்டால் இது மேல் என்றுகூட வாதிடலாம். ஆனால் உள்ளே ஓடும் மென்பொருளை வெளியாட்கள் யாரும் சுதந்திரமாகப் படித்துப் பார்க்க முடியாது. அது ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிப்பில் பதிக்கப்படுகிறது, பிறகு மாற்ற முடியாது என்கிறார்கள். சரி, மாற்ற முடியாது. பதித்தது சரியானதுதானா என்பதை வெளியிலிருந்து யார் பார்த்தார்கள் என்று கேட்டால், பதில் மறுபடியும் அதே வட்டத்துக்குள்தான் வருகிறது.

2010ல் ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் மூவரும் தங்கள் கைக்குக் கிடைத்த ஓர் இயந்திரத்தைத் திறந்து காட்டினார்கள். முடிவைக் காட்டும் டிஸ்ப்ளே பலகையைக் கழற்றிவிட்டு, அதேபோல் இருக்கும் போலிப் பலகையை மாட்டினால், உள்ளே பதிவான எண் ஒன்று, வெளியே தெரியும் எண் வேறு என்று ஆக்கலாம். அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணையில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். திருட்டு வழக்குதான் பெரிய செய்தியானது. கண்டுபிடிப்பு பின்னுக்குப் போய்விட்டது. ஒரு குறையைக் காட்டுபவரை முதலில் எப்படி நடத்துகிறோம் என்பதும் மேற்பார்வையில் சேர்த்திதான் என்பது என் கருத்து. ஆணையத்தின் பதிலிலும் நியாயம் இல்லாமல் இல்லை: இயந்திரத்தைத் தனியறையில் மணிக்கணக்காகக் கையில் வைத்துக்கொண்டு பிரித்துப் போடுவது வேறு, சீல் வைத்துப் பூட்டி, எல்லாக் கட்சிகளும் காவல் இருக்கும் இடத்தில் அதைச் செய்வது வேறு.

அந்த சீலும் பூட்டும் என்னென்ன என்று பார்க்கலாம்.

தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு மாவட்டத் தலைநகரில் முதல்நிலைச் சரிபார்ப்பு நடக்கும். தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் கட்சிப் பிரதிநிதிகளின் முன்னிலையில் ஒவ்வொரு இயந்திரத்தையும் பார்ப்பார்கள். சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரி வாக்குகளைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. பிறகு எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு என்பதைக் கணினிக் குலுக்கலில் ஒதுக்குவார்கள். வேட்பாளர் பட்டியல் முடிவானதும் எந்த வாக்குச்சாவடிக்கு என்பதற்கு இன்னொரு குலுக்கல். இந்த இயந்திரம் எந்த ஊருக்குப் போகும் என்பதும், அதில் எந்த வேட்பாளர் எத்தனையாவது பட்டனில் வருவார் என்பதும் தொழிற்சாலையில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரியாது. என்னைக் கேட்டால், மொத்த ஏற்பாட்டிலும் பலமான பூட்டு இதுதான்.

வாக்குப்பதிவு அன்று காலை ஐந்தரை மணிக்கு, ஓட்டுப் போட வரும் யாரும் பார்க்காத ஒரு காட்சி நடக்கும். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்பே வேட்பாளர்களின் பூத் ஏஜென்ட்கள் வந்துவிட வேண்டும். அவர்கள் முன்னால் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போடப்படும். கன்ட்ரோல் யூனிட் காட்டும் எண்ணிக்கையை விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் ‘கிளியர்’ பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் அழித்து, பூஜ்யம் என்று காட்டுவார்கள். மாதிரிச் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூடுவார்கள். முடிவைக் காட்டும் பட்டன் இருக்கும் அறை பச்சைக் காகித சீலால் மூடப்படும். அந்த சீலில் ஏஜென்ட்கள் கையெழுத்துப் போடலாம், வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். எண்ணிக்கை அன்று அதே எண், அதே கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவும்.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்து ‘குளோஸ்’ பட்டனை அழுத்தியதும் தலைமை அலுவலர் ஒரு படிவத்தை நிரப்புவார். அதன் பெயர் 17சி. கன்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபேட் ஆகியவற்றின் எண்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர், இயந்திரத்தில் விழுந்த வாக்கு எத்தனை, சீல் எண்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்கும். அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் நகல் தர வேண்டும் என்பது விதி. எண்ணும் இடத்தில் திறக்கும் இயந்திரத்தின் எண்ணோ மொத்த வாக்கோ அந்த நகலோடு பொருந்தவில்லை என்றால், கேள்வி கேட்க ஏஜென்டின் கையில் எழுத்து ஆதாரம் இருக்கிறது. இயந்திரத்தையே மாற்றிவிட்டார்கள் என்ற புகாருக்கு இதைவிட நேரடியான சோதனை கிடையாது. ஆனால் எல்லாச் சாவடிக்கும் ஏஜென்ட் போடச் சிறிய கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் ஆள் பலம் இல்லை. அதனால்தான் 17சி விவரங்களை ஆணையமே இணையதளத்தில் போட வேண்டும் என்று 2024 தேர்தலின் நடுவில் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். தேர்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது தலையிட முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவைத்தது.

சீட்டு வந்த கதை

இதுவரை சொன்ன காவல் எல்லாம் இயந்திரத்தைச் சுற்றி. உள்ளே நடப்பதைப் பார்க்க, இயந்திரத்தைச் சாராத இன்னொரு பதிவு வேண்டும். அதற்குத்தான் காகிதம். சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று, நியாயமான தேர்தலுக்குக் காகிதப் பதிவு தவிர்க்க முடியாத தேவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம். அதற்கு ஒரு மாதம் முன்பே நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது.

பட்டனை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு ஜன்னலில் 7 விநாடி தெரியும். பிறகு வெட்டுப்பட்டு உள்ளே விழும். அவசரமாக வெளியே வந்துவிடாமல் அந்த 7 விநாடி நின்று பாருங்கள். வாக்காளர் பார்க்காத சீட்டு, இயந்திரம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட இன்னொரு பதிவுதான். இயந்திர எண்ணிக்கையும் சீட்டு எண்ணிக்கையும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே செல்லும் என்று தேர்தல் நடத்தை விதி 56டி சொல்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் கடைசி வார்த்தை காகிதத்துடையது.

ஆனால் அந்தக் காகிதத்தை எவ்வளவு எண்ணுகிறோம்? ஆரம்பத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி. 50 சதவீதம் எண்ண வேண்டும் என்று 21 எதிர்க்கட்சிகள் கேட்டன. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றை ஐந்தாக்கியது. இயந்திர எண்ணிக்கை முடிந்ததும் சாவடி எண்களைச் சீட்டுக் குலுக்கலில் எடுத்து, அந்த ஐந்தின் துண்டுகளையும் கையால் எண்ணுகிறார்கள். இப்படி 4 கோடிக்கும் மேல் சீட்டுகளை ஒப்பிட்டாயிற்று, ஒருவருக்குப் போட்ட ஓட்டு இன்னொருவருக்குப் போனதாக ஒன்றுகூட இல்லை என்கிறது ஆணையம். 2019ல் ஆந்திராவின் மைதுக்கூர் தொகுதியில் ஒரு சாவடியில் கணக்கு இடித்தது. காலையில் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்டதுதான் காரணம் என்று தெரியவந்தது. சரிபார்ப்பு என்பது திருடனைப் பிடிக்க மட்டுமல்ல, இந்த மாதிரி மறதியைப் பிடிக்கவும்தான்.

ஐந்து போதுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே தீயில் வேகிறது என்றால் அது சரி. தப்பு செய்பவர் அப்படிச் சமமாகப் பரப்பிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லையே.

2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் 1,35,571. இரண்டிலும் எண்ணப்பட்ட விவிபேட் ஐந்து ஐந்துதான். இந்தத் தொகுதிகளில் ஏதோ நடந்தது என்று நான் சொல்லவில்லை, எண்களை மட்டும் கடன் வாங்குகிறேன். கணக்குக்காக இரண்டிலும் 250 சாவடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 137 வித்தியாசத்தைப் புரட்ட 69 வாக்குகள் இடம் மாறினால் போதும். ஒரே ஒரு சாவடியில் அது முடிந்துவிடும். 250ல் கோளாறான அந்த ஒன்று, குலுக்கலில் எடுத்த ஐந்துக்குள் சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். ஆத்தூர் வித்தியாசத்தைப் புரட்டவோ சுமார் 67,800 வாக்குகள் இடம் மாற வேண்டும். சாவடிக்கு 300 வாக்கு என்று துணிந்து மாற்றினாலும் 226 சாவடிகளில் கை வைக்க வேண்டும். அங்கே எந்த ஐந்தை எடுத்தாலும் அநேகமாகக் குட்டு வெளிப்பட்டுவிடும். நடுவில் உள்ள நிலை இன்னும் சுவாரசியம்: 25 சாவடிகள் கெட்டிருந்தால் ஐந்தை எண்ணி அதைப் பிடிக்கும் வாய்ப்பு 41 சதவீதம். நாணயம் சுண்டுவதைவிடக் குறைவு.

மக்களவைக்கு நிலைமை தேவலை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வருவதால் 30 சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. பத்தில் ஒரு பங்கு சாவடிகள் கெட்டிருந்தால் பிடிபடும் வாய்ப்பு 96 சதவீதத்தைத் தொடும்.

ஆணையத்துக்காக இந்தியப் புள்ளியியல் கழகம் 2019ல் ஓர் அறிக்கை தந்தது. நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களைச் சரிபார்த்தாலே போதும் என்றது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி, நாட்டில் உள்ள மொத்த இயந்திரங்களில் 2 சதவீதத்துக்கு மேல் கெட்டவையா என்பது. தோற்ற வேட்பாளரின் கேள்வி தன் தொகுதியைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் விவாதம் இத்தனை வருடமாக ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

என் பார்வையில் 100 சதவீதமும் வேண்டாம், எல்லா இடத்திலும் ஒரே ஐந்தும் வேண்டாம். வித்தியாசம் குறைவான தொகுதியில் அதிகம் எண்ண வேண்டும், அதிகமான இடத்தில் கொஞ்சம் எண்ணினால் போதும். இது புது யோசனை அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017லிருந்து மாநிலம் முழுக்க இப்படித்தான் செய்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் வகுத்த முறை அது. முதலில் ஒரு மாதிரியை எண்ணுவார்கள். முடிவு சரி என்று போதிய உறுதி கிடைத்தால் நிறுத்துவார்கள். கிடைக்காவிட்டால் இன்னும் எண்ணுவார்கள். தேவைப்பட்டால் கடைசிச் சீட்டு வரைக்கும். நம் ஊர் விதியில் இதற்கு நெருக்கமாக இருப்பது அதே 56டிதான். எந்தச் சாவடியின் சீட்டையும் எண்ணச் சொல்லி வேட்பாளர் எழுத்து மூலம் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவு. மறுத்தால் காரணத்தை எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஜெர்மனி இன்னொரு கோடிக்குப் போனது. 2005 பொதுத்தேர்தலில் அங்கே பயன்படுத்திய நெடாப் நிறுவனத்தின் இயந்திரங்களில் காகிதமே கிடையாது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும், அதற்கு வழியில்லாத இயந்திரம் அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று 2009 மார்ச்சில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழையபடி பேனாவும் காகிதமும் வந்தன. நாமும் அப்படியே செய்யலாமே என்பவர்களுக்கு நெல்லை மாவட்டத்தின் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியை நினைவுபடுத்தலாம். 2016ல் அங்கே வித்தியாசம் 49 வாக்குகள். வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் இழுத்த அந்த வழக்கின் மையம் இயந்திரம் அல்ல, செல்லாது என்று ஒதுக்கிய 203 தபால் வாக்குகள். முழுக்க முழுக்கக் காகிதம். மறுபடி எண்ணச் சொன்னது உயர் நீதிமன்றம். எண்ணிய பிறகு முடிவை வெளியிடத் தடை போட்டது உச்ச நீதிமன்றம்.

2024க்குப் பிறகு

எல்லா விவிபேட் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற மனுவை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் இரண்டு புது ஏற்பாடுகளைச் சேர்த்தது. ஒன்று, சின்னங்களை விவிபேட்டில் ஏற்றும் சிறிய கருவியையும் சீல் வைத்து, முடிவு வந்த பிறகு 45 நாள் பாதுகாக்க வேண்டும். அதுவரை இயந்திரத்துக்குள் வெளியிலிருந்து தகவல் போகும் அந்த ஒரே வழி கணக்கில் வராமல் இருந்தது. இரண்டு, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாட்களுக்குள் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். செலவு கேட்பவருடையது, முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பும். கட்டணமாக ஒரு செட்டுக்கு ரூ.40,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆணையம் வைத்தது. தமிழ்நாட்டில் விருதுநகர், வேலூர் தொகுதி வேட்பாளர்கள் விண்ணப்பித்தார்கள்.

சோதனை என்று ஆணையம் வகுத்ததோ, இன்னொரு மாதிரி வாக்குப்பதிவு. சிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கும், பட்டனை அழுத்திச் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கும் நிறைய தூரம் உண்டு. இது மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. சோதனையின்போது உள்ளே இருக்கும் தகவலை அழிக்கக் கூடாது, கட்டணமும் அதிகம் என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்ல, பிறகு ஆணையம் நடைமுறையைத் திருத்தியது. இப்போதும் சோதிப்பவர்கள் இயந்திரத்தைச் செய்த அதே நிறுவனங்களின் பொறியாளர்கள்தான்.

இன்னொரு பக்கம் கதவு கொஞ்சம் மூடவும் செய்கிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தேர்தல் நடத்தை விதி 93ஐத் திருத்தி, சிசிடிவி பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கக் கேட்கும் வழியை அடைத்தது. வழக்கு எதுவும் இல்லாவிட்டால் 45 நாளில் பதிவுகளை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் ஆணையமும் அறிவுறுத்தியது. வாக்காளர்களின் அந்தரங்கத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவரின் அந்தரங்கத்துக்கு மதிப்புண்டு, மறுக்கவில்லை. அப்புறம் சந்தேகப்படுபவருக்கு எதைக் காட்டுவது?

வாக்காளரே நேரடியாகப் புகார் சொல்லும் வழி ஒன்று உண்டு, அது விதி 49எம்ஏ. நான் அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்றால் அங்கேயே தலைமை அலுவலரிடம் எழுத்து மூலம் சொல்லலாம். அவர் ஏஜென்ட்கள் முன்னால் உங்களை ஒரு சோதனை வாக்குப் போடச் சொல்வார். புகார் உண்மையானால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முதல் முறை தப்பாக அச்சாகி, சோதனையில் சரியாக வந்துவிட்டால் உண்மை சொன்னவரும் மாட்டிக்கொள்வார். வேண்டுமென்றே புகார் கொடுத்து வாக்குப்பதிவை நிறுத்துகிறவர்களைத் தடுக்க வைத்த விதிதான். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்ட எத்தனை பேர் புகார் சொல்லத் துணிவார்கள்?